ஈரச் சுவரும் மாதத் தவணையும்

முதல் வீட்டின் குளியலறைச் சுவரில் ஈரம் படிந்திருப்பதாக, அங்கே வாடகைக்கு இருந்த பெண் போன் செய்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "ரொம்பப் பெருசா இருக்கா?" என்பதுதான். "இல்லக்கா, ஒரு கை அகலம்தான். ஆனா போன வாரம் இதைவிட சின்னதா இருந்துச்சு" என்றார். பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்ததும் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். தவணை போன பிறகு அந்த மாதம் கையில் ஒன்றும் இல்லை. பிளம்பரைக் கூப்பிட்டால் டைல்ஸை உடைக்கச் சொல்வார், உடைத்தால் செலவு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த மாதமும் அப்படியே போனது.

நான்காவது மாதம் போய்ப் பார்த்தபோது ஈரம் குளியலறையைத் தாண்டிப் படுக்கையறைச் சுவருக்கு வந்திருந்தது. பூச்சு கையோடு உதிர்ந்தது. சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் ஈரம் இறங்கி, அதைத் தொடவே பயந்துகொண்டு அவர்கள் ஒரு மாதமாக அந்த அறையில் விளக்குப் போடாமல் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பையன் ஒருவன் உண்டு. "நான் அப்பவே சொன்னேன்லக்கா" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சுவருக்குள் ஒரு குழாயின் இணைப்பு கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். முதல் வாரமே பார்த்திருந்தால் ஒரு நாள் வேலை. இப்போது குழாய், டைல்ஸ், பூச்சு, வயரிங், பெயின்ட் என்று மூன்று வாரம் இழுத்தது. அவர்கள் காலி செய்துவிட்டார்கள். அதன்பின் இரண்டு மாதம் வீடு சும்மா கிடந்தது. செலவையும் வராத வாடகையையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மாத வாடகை போயிருந்தது.

ரொம்ப நாள் இதை என் அலட்சியத்தின் கதை என்றுதான் நினைத்திருந்தேன். அலட்சியம் இல்லாமல் இல்லை. ஆனால் பதின்மூன்று வருடம், இரண்டு வீடு, பல குடித்தனம் பார்த்த பிறகு இப்போது எனக்கு வேறு மாதிரிதான் தெரிகிறது. நான் எப்படிப்பட்ட வீட்டுக்காரியாக இருக்கப்போகிறேன் என்பது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே பெரும்பாலும் முடிவாகிவிட்டது. கடன் இறுக்கமாக இருந்தால் பழுதைத் தள்ளிப்போடுவோம், அவசரத்தில் ஆள் பிடிப்போம், வாடகையை ஏற்றிப் பார்ப்போம். நிர்வாகம் சரியில்லை என்று தோன்றுகிற பல இடங்களில் உண்மையான சிக்கல் கடனில் இருக்கிறது. அதனால் கடனிலிருந்தே தொடங்குகிறேன்.

தொகைகளைச் சொன்னால் அது என் வீட்டுக்கு மட்டும் பொருந்தும். எனவே வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அது இரண்டு பகுதிகள் கொண்ட பழைய வீடு. ஒரு பகுதிக்கு வெளிப்படிக்கட்டு, மொட்டை மாடி உரிமை எல்லாம் உண்டு. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 9 வாடகை வந்தது. நாங்கள் 20 போட்டோம், வங்கி 80 கொடுத்தது. 9 சதவீத வட்டி, 20 வருடம். தவணை வருடத்துக்கு 8.64. வாடகை 9, தவணை 8.64. வீடு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் என்று நானும் என் கணவரும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து மகிழ்ந்தோம். பதிவுச் செலவு, வக்கீல் கட்டணம், வெள்ளையடிப்பு எல்லாம் சேர்ந்து மிச்சச் சேமிப்பைக் கரைத்துவிட்டன. சாவி வாங்கிய நாளில் எங்களிடம் ஒரு மாதத் தவணைக்குக்கூட இருப்பு இல்லை.

அந்தத் தாளை என் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் சொந்தமாக மூன்று கடைகளை வாடகைக்கு விட்டிருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். "வருஷத்துக்குப் பதினோரு மாசம்னு போடும்மா" என்றார். "அப்புறம் இந்த வீடு செலவே வைக்காதா?" என்று கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வருடக் குறிப்பு கையில் வந்தபிறகுதான் அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்தது. வாடகை 9. அதில் சராசரியாக ஒரு மாதம் காலியாக இருந்த வகையில் 0.75 போனது. சொத்து வரியும் காப்பீடும் 0.60. சின்னச் சின்னப் பழுது, மோட்டார், பூட்டு, அடைப்பு, துப்புரவு எல்லாம் 1. பெயின்ட், மாடித் தளப்பூச்சு, தண்ணீர்த் தொட்டி போன்ற பல வருடங்களுக்கு ஒருமுறை வரும் பெரிய செலவுகளை வருடக்கணக்கில் பிரித்தால் 0.65. ஆக 3 போனது. மிஞ்சியது 6. தவணையோ 8.64. வித்தியாசம் 2.64. அதாவது ஒவ்வொரு வருடமும் மூன்றரை மாத வாடகைக்குச் சமமான தொகையை நாங்கள் சம்பளத்திலிருந்து வீட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். தாளில் லாபம் காட்டிய வீடு உண்மையில் மாதாமாதம் எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தது.

வாடகையில் பாதி செலவுக்குப் போகும் என்று ஒரு தோராயக் கணக்கு சிறு முதலீட்டாளர்களிடம் புழங்குகிறது. தவணையைச் சேர்க்காமலே பாதி. எனக்கு மூன்றில் ஒன்றுதான் போனது, ஏனென்றால் நிர்வாகத்துக்கு ஆள் வைக்காமல் நானே ஓடினேன். என் நேரத்துக்குக் கூலி போட்டிருந்தால் பாதியை நெருங்கியிருக்கும். வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முதல் கணக்கைப் பாதி என்றே போடுங்கள். அப்போதும் தாங்கினால் அந்த வீட்டைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தான் குடியிருக்க வாங்கும் வீட்டுக்குக் கிடைக்கும் கடனும் வாடகைக்கு விட வாங்கும் வீட்டுக்குக் கிடைக்கும் கடனும் ஒன்றல்ல. இரண்டாவதற்குப் பல வங்கிகள் வட்டியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், வீட்டு விலையில் கடனாகக் கொடுக்கும் பங்கைக் குறைக்கும். அதைத் தவிர்க்க, நானே குடியிருப்பேன் என்று பொய்யாக எழுதிக் கொடுக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பின்னால் ஒரு நாள் வங்கியோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது நம் காகிதம் சுத்தமாக இருப்பது பெரிய பலம்.

கடன் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன். 1000 கடன், 9 சதவீதம், 20 வருடம் என்று எடுத்துக்கொண்டால் மாதத் தவணை 9. முதல் மாதத் தவணையில் 7.50 வட்டி, வெறும் 1.50 அசல். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 887 பாக்கி இருக்கும். காலத்தில் கால் பங்கு போய்விட்டது, கடனில் ஒன்பதில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. அசலில் பாதி தீர்வதற்குப் பதினான்காவது வருடம் ஆகிவிடும். மொத்தமாக 2159 கட்டியிருப்போம். இதில் வங்கியின் தந்திரம் எதுவும் இல்லை. பாக்கி அதிகமாக இருக்கும் வருடங்களில் வட்டியும் அதிகம், அவ்வளவுதான். ஆனால் மூன்றாவது, நான்காவது வருடத்தில் வீட்டை விற்று வெளியே வந்துவிடலாம் என்று மனதில் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்த வருடங்களில் விற்றால் அசலில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். வாங்கிய செலவும் விற்கும் செலவும் நம் கைப்பணத்தைத் தின்றுவிடும்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்ற வேகம். அதற்கும் கணக்கு துணை நின்றது. மேலே சொன்ன கடனில் இரண்டாம் வருட முடிவில் 100-ஐ முன்கூட்டிக் கட்டினால், தவணையை மாற்றாமல் இருந்தாலே, கடைசியில் ஏறக்குறைய 47 மாதத் தவணை குறையும். இன்று 100 கட்டினால், பின்னால் கட்ட வேண்டிய 420-க்கு மேல் குறையும். யாருக்குத்தான் ஆசை வராது? என் கணவருக்கு வேலையில் ஒரு பெரிய தொகை வந்தது. மொத்தத்தையும் கொண்டுபோய்க் கடனில் கட்டிவிட்டேன். வங்கியில் தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்டார்கள். காலத்தைக் குறையுங்கள் என்றேன்.

அதற்கு அடுத்த மாதம் வந்ததுதான் அந்தச் சுவர் ஈரம்.

இப்போது புரியும், ஏன் என் கையில் ஒன்றும் இல்லை என்று. முன்கூட்டிக் கட்டியது கடைசி 47 மாதங்களைக் குறைத்தது. வரப்போகிற மாதத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை. மாதத் தவணை அப்படியே இருந்தது. வீட்டுக்குள் போன பணத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் மறுபடி வங்கியில் கடன்தான் கேட்க வேண்டும், அல்லது விற்க வேண்டும். அன்று தவணையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மூச்சு கிடைத்திருக்கும். அதைவிட, ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகையை முதலில் தனியாக வைத்துவிட்டு மீதியை மட்டும் கட்டியிருந்தால், அந்தப் பெண் போன் செய்த அன்று மாலையே பிளம்பர் போயிருப்பார். முன்கூட்டிக் கட்டுவது நல்லது. ஆனால் அது இரண்டாவது வேலை. கையிருப்பு முதல் வேலை. இந்த வரிசையில் நான் இப்போது பிடிவாதமாக இருக்கிறேன். வட்டியை விட்டுவிட்டுப் பணத்தைச் சும்மா வைத்திருக்கிறாயே என்று தம்பி கேட்பான். அது சும்மா இல்லை. அந்தப் பணம் இருப்பதால்தான் நான் நிதானமாக முடிவெடுக்கிறேன்.

நிதானம் இல்லாமல் எடுத்த முடிவு அடுத்து வந்தது. பழுது முடிந்து இரண்டு மாதம் காலி என்றேன் அல்லவா, அந்த இரண்டாவது மாதக் கடைசியில் ஒருவர் வந்தார். வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "மேடம், அட்வான்ஸ் இப்பவே தர்றேன், நாளைக்கே வந்துடறேன்" என்றார். தவணை தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. அவரை எனக்குக் கடவுள் அனுப்பியதாகவே தோன்றியது. வேலையைப் பற்றி வாய்வார்த்தையாகக் கேட்டேன். இதற்கு முன் இருந்த வீட்டுக்காரரின் எண்ணை வாங்கினேன், ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏதாவது தப்பாகச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. கேட்கப் பயப்படும் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு மாதம் வாடகை வந்தது. மூன்றாவது மாதம் பாதி. அப்புறம் ஒன்றுமில்லை. ஆறு மாதம் அப்படிப் போனது. தண்ணீரை நிறுத்து, மின்சாரத்தைத் துண்டி, ஆள் இல்லாதபோது பூட்டை மாற்று என்று யோசனை சொன்னவர்கள் பலர். அவற்றைப் பெரும்பாலான இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் அனுமதித்தாலும் நான் செய்திருக்க மாட்டேன். உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். வழக்குப் போடலாம், ஆனால் அது முடிவதற்குள் நீங்கள் இழப்பது இதைவிட அதிகமாக இருக்கும், முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் போய் உட்கார்ந்தோம். வீட்டுக்கு வருவதற்கு முன்பே வேலை போய்விட்டது என்று அப்போதுதான் அவர் சொன்னார். அவர் மனைவி தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட்டால் பாக்கியை விட்டுவிடுகிறோம், அட்வான்ஸில் பாதியையும் சாமான் ஏற்றும் செலவுக்குத் திருப்பித் தருகிறோம் என்றோம். எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். சொன்ன தேதிக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பாக்கியை விட்டது ஏமாளித்தனம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாடகை எப்படியும் வராது. வரப்போகும் மாதங்களைக் காப்பாற்றுவதுதான் அப்போது செய்யக்கூடியது.

அதற்குப் பிறகு ஆள் பார்ப்பதில் ஒரு முறை வைத்திருக்கிறேன். வாடகை அவர்கள் குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. போனால், நல்லவர்களாகவே இருந்தாலும், ஒரு மருத்துவச் செலவு வந்தால் முதலில் நிற்பது வாடகைதான். அடுத்தது, இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தைய வீட்டுக்காரரிடம் பேசுவேன். இப்போதையவர் ஒரு குடித்தனத்தை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தால் நம்மிடம் புகழ்ந்துதான் பேசுவார். முந்தையவருக்குச் சொல்வதற்கும் மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. அவரிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: "மறுபடி வந்தா வீடு கொடுப்பீங்களா?" பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். சாதி, மதம், தனியாக இருக்கும் பெண்ணா, இதையெல்லாம் நான் கேட்பதில்லை. வாடகை நேரத்துக்கு வருவதற்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இத்தனை வருடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையில் வட்டி ஏறியிருந்தது. எங்கள் கடன் மாறும் வட்டிக் கடன். தவணைத் தொகை மாறவில்லை என்பதால் நான் கவனிக்கவே இல்லை. வருடாந்திர அறிக்கை வந்தபோது கடன் முடியும் தேதியைத் தற்செயலாகப் பார்த்தேன். முன்கூட்டிக் கட்டிக் குறைத்த மாதங்களில் பெரும்பகுதி திரும்ப வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டிருந்தது. இதன் வீரியம் பலருக்குத் தெரிவதில்லை. 9 சதவீதத்தில் 20 வருடத்துக்குப் புதிதாக எடுத்த கடனில், தவணையை மாற்றாமல் வட்டி 10 ஆனால் காலம் 26 வருடத்தைத் தாண்டிவிடும். 11 ஆனால் அந்தத் தவணை மாத வட்டிக்கே போதாது, கடன் தீரவே தீராது. அப்போது வங்கி தவணையை ஏற்றியே ஆக வேண்டும். 20 வருடத்திலேயே முடிக்க வேண்டுமென்றால், 1000 கடனுக்கு 9 ஆக இருந்த மாதத் தவணை 10.32 ஆகும். ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம். வாடகையை ஒரே நாளில் 15 சதவீதம் ஏற்ற முடியுமா? முடியாது, ஏற்றவும் கூடாது.

எனவே மாறும் வட்டிக் கடன் எடுப்பவர்கள் இரண்டு சதவீதம் ஏறினால் தாங்குமா என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். நிலையான வட்டி என்றால் அது எத்தனை வருடத்துக்கு நிலை, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கேட்க வேண்டும். நான் வங்கிக்குப் போய், புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு நீங்கள் என்ன வட்டி சொல்கிறீர்கள் என்று கேட்டேன். என்னுடையதைவிடக் குறைவு. ஒரு சிறு கட்டணம் கட்டி எழுதிக் கொடுத்தால் எனக்கும் அதைத் தருவதாகச் சொன்னார்கள். கேட்கும்வரை யாரும் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் அறிக்கை வந்ததும் மூன்றைப் பார்க்கிறேன்: வட்டி விகிதம், பாக்கி அசல், முடியும் தேதி. வட்டி வித்தியாசம் அரை சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேறு வங்கிக்கு மாற்றுவதற்கான செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கடனின் ஆரம்ப வருடங்களில்தான் மாற்றுவதில் பலன் அதிகம்.

கையிருப்பு சேர்க்க எங்களுக்கு மூன்று வருடம் ஆனது. வீட்டுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறந்தோம். வாடகை அதில் வரும், தவணை அதிலிருந்து போகும், பழுதும் வரியும் அதிலிருந்துதான். பற்றாக்குறை 2.64-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து, சம்பளம் வந்த அன்றே அதில் போட்டுவிடுவோம். அதோடு கொஞ்சம் கூடுதலாக. குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸ் இந்தக் கணக்கில் கிடையாது. அது வேறொரு வைப்புக் கணக்கில் அவர்கள் பணமாகவே இருக்கும். அட்வான்ஸை எடுத்துச் செலவு செய்துவிட்டு, காலி செய்யும்போது அடுத்த ஆள் வந்தால்தான் தர முடியும் என்று சொல்லும் நிலைக்கு நான் போக விரும்பவில்லை. ஈரச் சுவரோடு நான்கு மாதம் இருந்த அந்தக் குடும்பத்துக்கு முழு அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் பதினைந்து நாள் தாமதமாக. அந்தத் தாமதம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது வீட்டை ஒன்பதாவது வருடம் வாங்கினோம். அதன் விலையையும் 100 என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கையில் 55 சேர்ந்திருந்தது. கடன் 45 மட்டும் எடுத்தோம். எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள். இவ்வளவு பணம் இருக்கும்போது இரண்டு வீடாக வாங்கலாமே, கடன்தான் கிடைக்குமே என்று. அதற்கு என் பதில் இந்தக் கணக்குதான். இந்த வீடும் 100-க்கு 9 வாடகை தருகிறது, செலவு போக 6 நிற்கிறது. கடன் வட்டி 9. கடன் வாங்கிப் போடும் ஒவ்வொரு 100-க்கும் வீடு 6 சம்பாதித்து நான் 9 கொடுக்கிறேன். வருடத்துக்கு 3 நஷ்டம். வீட்டு விலை ஏறி அந்த 3-ஐ ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில்தான் கடனைக் கூட்ட முடியும். ஏறலாம். ஏறாமலும் போகலாம், இல்லை நான் விற்க வேண்டிய வருடத்தில் இறங்கியும் இருக்கலாம். வீடு தரும் நிகர வருமான விகிதம் கடன் வட்டியைவிட அதிகமாக இருக்கும் இடத்தில்தான் கடன் உண்மையாகவே உதவி செய்கிறது. இல்லாத இடத்தில் கடன் என்பது காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதற்கு நாம் கொடுக்கும் விலை. சில சமயம் அந்த விலை நியாயம்தான். ஆனால் அது விலை என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

45 கடனுக்கு வருடத் தவணை 4.86. நிகர வருமானம் 6. அதாவது தவணையைப்போல் 1.23 மடங்கு வருமானம். வாடகைக் கட்டிடங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள் பொதுவாக இந்த விகிதம் 1.2 அல்லது 1.25 இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். தங்கள் பணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் அந்தப் பாதுகாப்பை என் பணத்துக்கு நானும் வைத்துக்கொள்கிறேன். முதல் வீட்டில் இந்த விகிதம் 0.7-ஐக்கூடத் தொடவில்லை.

நிர்வாகத்தில் பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. செய்வதைச் சொல்கிறேன். சாவி கொடுக்கும் நாளில் அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுப்பேன். குழாய்களைத் திறந்து காட்டுவேன், மீட்டர் எண்ணைப் படிப்பேன், ஏற்கெனவே இருக்கும் கீறல்களை நானே சொல்லிப் பதிவு செய்வேன். அந்த வீடியோவை அப்போதே அவர்களுக்கும் அனுப்பிவிடுவேன். காலி செய்யும்போது சண்டை வருவதே இல்லை. பழுதுக்கென்று ஒரு நோட்டு உண்டு: என்றைக்குச் சொன்னார்கள், என்றைக்கு ஆள் போனார், என்ன செலவு. முதல் இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். தண்ணீரும் மின்சாரமும் என்றால் அதே நாள். மற்றது ஒரு வாரத்துக்குள்.

பழுதை உடனே சொல்பவர்கள்தான் நல்ல குடித்தனம். தொல்லை கொடுக்கிறார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். யோசித்துப் பாருங்கள், நான் போகாத ஒரு வீட்டின் சுவரைத் தினமும் என் சார்பில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். "இதுக்கெல்லாம் போன் பண்றீங்களா" என்று ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், அடுத்த கசிவை யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாடகை ஏற்றத்திலும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு மாதம் காலியாக இருந்தால் வருட வாடகையில் 8.3 சதவீதம் போய்விடும். 5 சதவீதம் கூடுதல் வாடகைக்காக இருப்பவரை அனுப்பிவிட்டு ஒரு மாதம் காலியாக வைத்தால், அந்த ஒரு மாதத்தைத் திரும்ப எடுக்கவே இருபது மாதம் வேண்டும். இதில் பெயின்ட், தரகு எல்லாம் சேர்க்கவில்லை. எனவே இருப்பவர்களுக்குச் சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஒவ்வொரு வருடமும் தவறாமல் 3 சதவீதம் ஏற்றுகிறேன். ஏற்றாமலே நான்கு வருடம் விட்டுவிட்டுத் திடீரென்று பெரிதாக ஏற்றுவதுதான் உறவைக் கெடுக்கிறது. இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுவேன், எழுத்தில்.

முதல் வீட்டின் கடன் இன்னும் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் மிஞ்சும் தொகையை, கையிருப்பு ஆறு மாதத்துக்குக் குறையாதபோது மட்டும், வருடத்துக்கு ஒருமுறை அதில் கட்டுகிறோம். சென்ற வருடம் கட்டவில்லை. மாடித் தளப்பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது, அதற்கு வைத்திருக்கிறோம். அந்த வேலை அடுத்த மாதம் தொடங்குகிறது. மேல் பகுதியில் இருப்பவர்களிடம் சத்தமும் தூசியும் பத்து நாள் இருக்கும் என்று சொல்லி, அந்த நாட்களுக்கு வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். "பரவால்லக்கா, மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க, அது போதும்" என்றார் அந்த வீட்டுப் பெண். கழித்துத்தான் வாங்குவேன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.